அமெரிக்கப் பிறப்புரிமைக் குடியுரிமை வழக்கைச் சரியாகப் படிப்பது எப்படி

அமெரிக்காவில் பிறக்கும் குழந்தை பிறந்ததாலேயே அமெரிக்கக் குடிமகன் ஆகிவிடுமா என்பதே, டிரம்ப் எதிர் பார்பரா என்ற பெயரில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்கின் கேள்வி. அந்த வாதத்தில் இரண்டு தரப்பும் ஏராளமான மேற்கோள்களைக் காட்டுகின்றன. அவற்றில் பல பாதியில் வெட்டப்பட்டவை. வெட்டிய இடத்துக்கு அடுத்த வரியைப் படித்தாலே பொருள் மாறிவிடும். எந்த ஆவணத்தை எந்த வரிசையில் எடுப்பது, எங்கே நின்று நிதானிப்பது, எங்கே பலரும் சறுக்குகிறார்கள் என்பதை இங்கே பார்ப்போம்.

தேவையானவை ஆறு: 2025 ஜனவரி 20-இல் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட 14160-ஆம் எண் நிர்வாக ஆணை, 14-வது அரசியலமைப்புத் திருத்தத்தின் முதல் பிரிவு, 1866 மே 30 அன்று செனட்டில் நடந்த விவாதம், 1884-இன் எல்க் எதிர் வில்கின்ஸ் தீர்ப்பு, 1898-இன் வாங் கிம் ஆர்க் தீர்ப்பு, 1952-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தில் 301-வது பிரிவு. எல்லாமே இணையத்தில் இலவசம். வாங் கிம் ஆர்க் தீர்ப்பு மட்டும் மிக நீளம். அதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஆணை யாரைத் தொடுகிறது?

முதலில் நிர்வாக ஆணையின் இரண்டாம் பிரிவைப் படியுங்கள். அது இரண்டு வகைக் குழந்தைகளுக்குக் குடியுரிமை இல்லை என்கிறது. ஒன்று, தாய் சட்டவிரோதமாக நாட்டில் இருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை) உள்ளவராகவோ இல்லாத குழந்தை. இரண்டு, தாய் சட்டப்படி, ஆனால் தற்காலிகமாக இருந்து, தந்தை மேற்சொன்ன இரண்டில் ஒன்றாக இல்லாத குழந்தை. தற்காலிகம் என்பதற்கு மாணவர் விசா, வேலை விசா, சுற்றுலா விசா ஆகியவற்றை ஆணையே எடுத்துக்காட்டுகிறது.

இதை உங்கள் குடும்பத்தோடு பொருத்திப் பாருங்கள். கணவர் ஹெச்1பி (வேலை விசா), மனைவி ஹெச்4 (அவருடைய துணைக்கான விசா) என்றால் பிறக்கும் குழந்தை இரண்டாம் வகையில் வரும். மனைவி ஹெச்1பி, கணவரிடம் கிரீன் கார்டு என்றால் வராது. மனைவியிடமே கிரீன் கார்டு இருந்தால் கணவரின் நிலை என்னவாக இருந்தாலும் வராது. ஐ-140 மனு (வேலைவழி கிரீன் கார்டுக்கான மனு) ஏற்கப்பட்டு, கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: வரிசையில் நிற்பது கிரீன் கார்டு பெற்றதாகாது. இந்த ஆணையின் கண்ணில் நீங்களும் தற்காலிகம்தான்.

‘இது சட்டவிரோதமாக வந்தவர்களுக்கு மட்டும்’ என்று பரவும் செய்தி, இரண்டாம் வகையைப் படிக்காமல் எழுதப்பட்டது. ‘ஏற்கெனவே பிறந்த பிள்ளைகளுக்கும் பறிபோகும்’ என்பதும் ஆணையின் வாசகத்தில் இல்லை. கையெழுத்தான நாளிலிருந்து 30 நாள் கழிந்தபின் பிறப்போருக்கே அது பொருந்தும் என்று எழுதியிருக்கிறது. ஆனால் ஆணைக்குப் பின்னால் இருக்கும் அரசியலமைப்பு வாதத்துக்கு அப்படி ஒரு தேதி எல்லை கிடையாது. 1868-இல் எழுதப்பட்ட வாசகம் இந்தக் குழந்தைகளை ஒருபோதும் உள்ளடக்கவில்லை என்று சொன்னால், அந்தத் தர்க்கம் நேற்றுப் பிறந்தவரையும் நாற்பது ஆண்டுக்கு முன் பிறந்தவரையும் சேர்த்தே தொடும். ஆணையின் எல்லை வேறு, வாதத்தின் எல்லை வேறு என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வாசகத்தைப் படித்தல்

14-வது திருத்தம் 1868 ஜூலை 9-இல் நிறைவேறியது. அதன் முதல் வாக்கியம் ஏறத்தாழ இப்படி: அமெரிக்காவில் பிறந்த அல்லது குடியுரிமை வழங்கப்பெற்ற, அதன் அதிகார வரம்புக்கு உட்பட்ட அனைவரும் அமெரிக்காவின் குடிமக்களும், தாம் வசிக்கும் மாநிலத்தின் குடிமக்களும் ஆவர்.

வாக்கியத்தில் பெற்றோரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விசா, நிரந்தர வசிப்பு என்று எதுவும் இல்லை. அதே சமயம், ‘அதிகார வரம்புக்கு உட்பட்ட’ என்ற தொடர் சும்மா அங்கே நிற்கவில்லை, யாரையோ விலக்குகிறது. இதுவரை இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. யாரை விலக்குகிறது என்பதில்தான் மொத்தச் சண்டையும்.

இரண்டு வாசிப்புகள் உள்ளன. அந்த நாட்டின் சட்டம் அந்த மனிதரைக் கட்டுப்படுத்துமா, அங்குள்ள நீதிமன்றம் அவரைத் தண்டிக்க முடியுமா என்பதே அளவுகோல் என்பது முதல் வாசிப்பு. வேறு எந்த நாட்டுக்கும் கடமைப்படாத முழு அரசியல் விசுவாசம் வேண்டும் என்பது இரண்டாவது. டிரம்ப் அரசின் வாதம் இரண்டாவதைச் சார்ந்தது. அதில் பெற்றோரின் நிரந்தர வசிப்பிடம் என்ற நிபந்தனையும் சேர்கிறது.

எது சரி என்று தீர்மானிக்குமுன், எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விதிவிலக்குகளில் இரண்டையும் உரசிப் பாருங்கள். தூதரின் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை. தூதரை அமெரிக்க நீதிமன்றம் தண்டிக்க முடியாது என்பதால் முதல் வாசிப்பு அதை எளிதாக விளக்குகிறது. படையெடுத்து வந்து ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருக்கும் எதிரிப் படையினரின் குழந்தைக்கும் அப்படியே. பூர்வகுடிப் பழங்குடிகளிடம் வரும்போது முதல் வாசிப்பு கொஞ்சம் திணறும். அவர்கள் மீது அரசுக்கு ஓரளவு அதிகாரம் இருந்தது, இருந்தும் 1868-இல் அவர்கள் விலக்கப்பட்டார்கள். அரசு அவர்களைத் தனித் தேசங்களாகக் கருதி உடன்படிக்கை செய்துகொண்டது, அவர்களுடைய உள்விவகாரங்களில் பொதுச் சட்டம் நுழையவில்லை என்பதுதான் அதற்கான பதில்.

இரண்டாவது வாசிப்பு பழங்குடிகளை நன்றாக விளக்கும். ஆனால் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து இன்னும் அந்த நாட்டுக் குடிமக்களாகவே இருந்தவர்களின் குழந்தைகளிடம் அது தடுக்கி விழுகிறது. அந்தக் குழந்தைகள் குடிமக்கள் என்பதில் 1868-இல் பெரிய சந்தேகம் இருக்கவில்லை. ஹெச்1பி விசாவில் இருப்பவர் நியூ ஜெர்சியில் வேகமாக வண்டி ஓட்டினால் அபராதம் கட்டுகிறார், வரி கட்டுகிறார், குற்றம் செய்தால் சிறைக்குப் போகிறார். அவரை அதிகார வரம்புக்கு வெளியே நிறுத்துவது எளிதல்ல.

1866 விவாதம்

இந்தத் திருத்தம் ஏன் வந்தது என்பது முக்கியம். 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி ராஜர் டானி, கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக இருக்க முடியாது என்று தீர்ப்பெழுதினார். உள்நாட்டுப் போர் முடிந்தபின் அந்தத் தீர்ப்பை எந்த நீதிமன்றமும் எந்த நாடாளுமன்றமும் மீண்டும் உயிர்ப்பிக்க முடியாதபடி அரசியலமைப்பிலேயே பூட்டிவைக்க எழுதப்பட்டதுதான் இந்த வாக்கியம். யார் குடிமகன் என்பதை ஆட்சிக்கு ஆட்சி மாற்றும் அதிகாரத்தைப் பறிப்பதே நோக்கம்.

செனட்டில் இதை முன்வைத்த மிச்சிகனின் ஜேக்கப் ஹோவர்டு சொன்ன ஒரு வாக்கியத்தைத்தான் இரு தரப்பும் பிடித்துக்கொள்கின்றன. வெளிநாட்டவர், அந்நியர், தூதர்களின் குடும்பத்தைச் சேர்ந்தவர் ஆகியோர் இதில் அடங்கார் என்று அவர் சொன்னார். காற்புள்ளிகளை வைத்து இதை மூன்று தனி வகைகளாகப் படித்தால் எல்லா வெளிநாட்டவரின் குழந்தைகளும் வெளியே போவார்கள். தூதர் குடும்பத்தைச் சேர்ந்த வெளிநாட்டவர் என்று ஒரே வகையாகப் படித்தால் தூதர் குழந்தைகள் மட்டும் போவார்கள். இந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துப் பகிர்பவர்களை நம்பாதீர்கள். அதே நாளின் விவாதத்தைத் தொடர்ந்து படியுங்கள். பென்சில்வேனியாவின் எட்கர் கோவன், இது சீனர்களின் குழந்தைகளுக்கும் ஜிப்சிகளின் குழந்தைகளுக்கும் குடியுரிமை கொடுத்துவிடுமே என்று எதிர்க்கிறார். கலிபோர்னியாவின் ஜான் கானஸ் எழுந்து, ஆம், சீனப் பெற்றோருக்குக் கலிபோர்னியாவில் பிறக்கும் குழந்தைகளும் குடிமக்களாகத்தான் வேண்டும் என்கிறார். எதிர்த்தவருக்கும் ஆதரித்தவருக்கும் வாசகத்தின் பொருள் ஒன்றாகவே தெரிந்திருக்கிறது. என் மதிப்பில் ஹோவர்டின் காற்புள்ளிகளைவிட இந்த உரையாடலுக்கே எடை அதிகம்.

மறுதரப்பின் வலுவான சான்று, அதே விவாதத்தில் பேசிய செனட்டர் லைமன் டிரம்புல். அதிகார வரம்பு என்றால் முழுமையான அதிகார வரம்பு, வேறு யாருக்கும் விசுவாசம் இல்லாமை என்று அவர் சொன்னார். இதை ஒதுக்கித் தள்ளக் கூடாது. ஆனால் அவர் அப்போது பேசிக்கொண்டிருந்தது பழங்குடிகளைப் பற்றி என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

‘அந்தக் காலத்தில் சட்டவிரோதக் குடியேறிகளே இல்லை, ஆகவே திருத்தத்தை எழுதியவர்கள் அவர்களைப் பற்றி யோசித்திருக்க முடியாது’ என்று ஒரு வாதம் உண்டு. கூட்டாட்சி அரசின் குடியேற்றத் தடைச் சட்டங்கள் 1875 முதலே வந்தன என்பது சரி. ஆனால் அடிமைகளை இறக்குமதி செய்வது 1808-லேயே தடைசெய்யப்பட்டது. அதற்குப் பிறகும் கள்ளத்தனமாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளைக் குடிமக்களாக்கத்தான் இந்தத் திருத்தமே பிறந்தது. பெற்றோர் சட்டத்தை மீறி நாட்டுக்குள் வந்தது பிள்ளையின் உரிமையைக் கெடுக்கும் என்றால், யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களில் ஒரு பகுதியினரே வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

முன்தீர்ப்புகள்: எது தீர்ப்பு, எது போகிற போக்கில் சொன்னது?

எந்தத் தீர்ப்பைப் படித்தாலும் வழக்கு முடிவுக்குத் தேவையான காரணத்தையும், நீதிபதி வழியில் சொல்லிச் சென்ற கருத்தையும் பிரித்து வையுங்கள். பின்வரும் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவது முதலாவது மட்டுமே.

1873-இன் ஸ்லாட்டர்-ஹவுஸ் வழக்கு இறைச்சிக் கூடங்களைப் பற்றியது. அதில் வெளிநாட்டுக் குடிமக்களின் குழந்தைகள் விலக்கப்பட்டவர்கள் என்று ஒரு வரி வருகிறது. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் வரி இது. வழக்கின் கேள்விக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று வாங் கிம் ஆர்க் தீர்ப்பே பின்னர் ஒதுக்கிவிட்டது.

1884-இன் எல்க் வழக்கில், பழங்குடியில் பிறந்து பின்னர் அதைவிட்டு வந்து ஒமாஹாவில் வாழ்ந்த ஜான் எல்க், பிறப்பால் குடிமகன் அல்ல என்று தீர்ப்பானது. நேரடியான, முழுமையான விசுவாசம் என்ற மொழி இங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதை எழுதியவர் நீதிபதி ஹொரேஸ் கிரே. பதினான்கு ஆண்டு கழித்து வாங் கிம் ஆர்க் தீர்ப்பை எழுதியவரும் அவரே. எல்க் தீர்ப்பு பழங்குடி உறுப்பினர்களைப் பற்றியது மட்டுமே, தூதரகப் பணியில் இல்லாத வெளிநாட்டுப் பெற்றோரின் குழந்தைகளுக்குக் குடியுரிமையை மறுக்க அது உதவாது என்று அதில் தெளிவாக எழுதுகிறார். எழுதியவரே தன் தீர்ப்பின் எல்லையைச் சொல்லியிருக்கும்போது, அதைத் தாண்டி எல்க்கை நீட்டுபவருக்குக் கூடுதல் சான்று தேவை. பழங்குடியினர் அனைவருக்கும் குடியுரிமை வந்தது 1924-இல், தனிச் சட்டத்தின் மூலம்.

இனி மையமான தீர்ப்பு. வாங் கிம் ஆர்க் 1873-இல் சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். சீனா சென்று 1895-இல் திரும்பியபோது சீனர் விலக்குச் சட்டத்தைக் காட்டி அவரை உள்ளே விட மறுத்தார்கள். 1898 மார்ச் 28-இல் 6-க்கு 2 என்ற கணக்கில் அவர் குடிமகன் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருடைய பெற்றோர் சீனப் பேரரசரின் குடிகள். அமெரிக்கச் சட்டப்படி அவர்களால் குடியுரிமை பெறவே முடியாது. இருந்தும் மகன் குடிமகன்.

அரசுத் தரப்பு இங்கே பிடிக்கும் நூல்: தீர்ப்பு முழுக்க, பெற்றோர் அமெரிக்காவில் நிரந்தர வசிப்பிடம் கொண்டவர்கள் என்று திரும்பத் திரும்ப வருகிறது. நீதிமன்றம் தனக்கு முன் வைத்துக்கொண்ட கேள்வியிலும் அது இருக்கிறது. ஆகவே தீர்ப்பு நிரந்தரமாக வசிப்பவர்களின் குழந்தைகளுக்கு மட்டுமே என்பது வாதம். இது வெற்று வாதம் அல்ல, படிக்கும்போது நீங்களே அந்தச் சொல்லை எத்தனையோ இடத்தில் காண்பீர்கள்.

ஆனால் தீர்ப்பின் காரணங்கள் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். 1608-இன் கால்வின் வழக்கு தொடங்கி ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் விதியை எடுத்து, அதுவே 14-வது திருத்தத்தில் உறுதி செய்யப்பட்டது என்கிறார் கிரே. அந்த விதியில், நாட்டுக்குள் இருக்கும் வரை வெளிநாட்டவரும் அந்த நாட்டுக்குத் தற்காலிக விசுவாசம் உடையவரே, அங்கு பிறக்கும் அவருடைய குழந்தை அந்நாட்டுக் குடியே. அவர் சுட்டும் டேனியல் வெப்ஸ்டரின் பத்தி, வசிக்கும் எண்ணமோ நிரந்தர வசிப்பிடமோ இல்லாவிட்டாலும் வெளிநாட்டவர் இருக்கும் நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்கிறது. இதற்கு முன்பே, 1844-இல் நியூயார்க்கின் லிஞ்ச் எதிர் கிளார்க் வழக்கில், தற்காலிகமாக வந்து தங்கிய பெற்றோருக்கு அங்கே பிறந்த ஜூலியா லிஞ்ச் குடிமகள் என்று முடிவானது. வசிப்பிடம் என்பது வழக்கின் உண்மைகளில் ஒன்று, காரணத்தின் தூண் அல்ல என்று நான் படிக்கிறேன். தலைமை நீதிபதி ஃபுல்லர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பையும் தவறாமல் படியுங்கள். தற்காலிகமாக வந்தவர்களின் குழந்தைகளைப் பற்றி அவர் கவலைப்படுகிறார். பெரும்பான்மைத் தீர்ப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்று அவருக்கே புரிந்திருந்ததை அது காட்டுகிறது.

1982-இன் பிளைலர் எதிர் டோ வழக்கில் 10-வது அடிக்குறிப்பு, சட்டப்படி வந்தவருக்கும் சட்டத்தை மீறி வந்தவருக்கும் அதிகார வரம்பு விஷயத்தில் வேறுபாடு காட்ட முடியாது என்கிறது. பயனுள்ளது, ஆனால் அந்த வழக்கு பள்ளிக்கல்வியில் சமப் பாதுகாப்பைப் பற்றியது. குடியுரிமைத் தீர்ப்பாக அதைக் காட்டினால் எதிர்த்தரப்பு எளிதில் மடக்கும்.

சட்டம் என்ற இரண்டாவது பூட்டு

பலரும் தவறவிடும் இடம் இது. அரசியலமைப்பின் அதே சொற்களை 1940-இலும் 1952-இலும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சாதாரணச் சட்டத்திலும் எழுதியது. அந்த ஆண்டுகளில் அந்தச் சொற்களின் நிலைபெற்ற பொருள் வாங் கிம் ஆர்க் தீர்ப்பின் பொருளே. ஆகவே அரசியலமைப்பைக் குறுக்கிப் படித்தாலும், சட்டத்தை அதிபர் ஓர் ஆணையால் மாற்ற முடியுமா என்ற கேள்வி தனியாக நிற்கிறது.

இந்த ஆணையைப் பற்றிய தீர்ப்பு எந்தப் பூட்டின் மேல் நிற்கிறது என்று பாருங்கள். சட்டத்தின் மேல் மட்டும் நின்றால் காங்கிரஸ் நாளை சட்டத்தைத் திருத்தலாம். அரசியலமைப்பின் மேல் நின்றால், இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும் 50 மாநிலங்களில் 38-இன் ஒப்புதலும் வேண்டும்.

‘இந்தியாவே மாற்றிக்கொண்டதே’ என்ற கேள்விக்கும் விடை இங்கேதான். இந்தியாவில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தால் போதும். அதற்குப் பின் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், இருவரும் குடிமக்களாகவோ, ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலோ இருக்க வேண்டும். நம் அரசியலமைப்பின் 11-வது பிரிவு இந்த அதிகாரத்தை நாடாளுமன்றத்திடம் விட்டிருப்பதால் இது முடிந்தது. பிரிட்டன் 1983-இல் சட்டத்தால் மாற்றியது. அரசியலமைப்பில் எழுதி வைத்திருந்த அயர்லாந்து 2004-இல் மக்கள் வாக்கெடுப்புக்குப் போக வேண்டியிருந்தது.

பெற்றோரின் தாள்களை வைத்துக் குழந்தையின் குடியுரிமையை முடிவு செய்தால் என்ன ஆகும் என்பது தமிழருக்குப் புதிதல்ல. இலங்கையின் 1948-ஆம் ஆண்டுச் சட்டம், அங்கேயே பிறந்தவரிடமும் தந்தை இலங்கையில் பிறந்தாரா, இல்லையென்றால் பாட்டனும் முப்பாட்டனும் பிறந்தார்களா என்று கேட்டது. பிறப்புச் சான்றே இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர் ஆனார்கள்.

தடையாணைத் தீர்ப்பைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

2025 ஜூன் 27-இல் டிரம்ப் எதிர் காசா வழக்கில் 6-க்கு 3 என்று வந்த தீர்ப்பைப் பலர் ‘உச்ச நீதிமன்றம் குடியுரிமையை ரத்து செய்தது’ என்று படித்தார்கள். அது தவறு. ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுவதற்கும் பொருந்தும் தடையாணை போடலாமா என்பதே அங்கே கேள்வி. ஆணை செல்லுமா என்பதை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. ஒரே நிலையில் உள்ள அனைவர் சார்பிலும் நடத்தும் குழு வழக்கு என்ற வழியைத் திறந்தே விட்டது. ஜூலை 10-இல் நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி ஜோசப் லாப்லாண்ட் பாதிக்கப்படும் குழந்தைகள் அனைவரையும் ஒரு குழுவாக ஏற்று ஆணையை நிறுத்தினார். அதிலிருந்து எழுந்த டிரம்ப் எதிர் பார்பரா வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பர் 5-இல் எடுத்துக்கொண்டது. ஆணையின் செல்லுபடியையே நேராகக் கேட்கும் வழக்கு இதுதான்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் திறக்கும்போது, முதலில் வரும் சுருக்கம் தீர்ப்பின் பகுதி அல்ல. பெரும்பான்மைத் தீர்ப்பின் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை நீதிபதிகள் சேர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஐந்து பேர் சேராத பகுதி முன்தீர்ப்பாகக் கட்டுப்படுத்தாது. பிறகு கடைசிப் பத்தியைப் படியுங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய தாள்கள்

பிறப்புச் சான்றைக் கொடுப்பது மாநிலம், குடியுரிமையை அங்கீகரிப்பது கூட்டாட்சி அரசு. இரண்டையும் ஒன்றென எண்ணாதீர்கள். பெற்றோர் இருவரின் முழுப் பெயரும் உள்ள நீண்ட வடிவச் சான்றையே கேட்டு வாங்குங்கள், பெயரில்லாத சுருக்கச் சான்றை பாஸ்போர்ட் அலுவலகம் ஏற்காது. செல்லுபடியாகும் முழுக்கால பாஸ்போர்ட்டே குடியுரிமைக்குச் சான்று. 16 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிஎஸ்-11 படிவத்தோடு பெற்றோர் இருவரும் குழந்தையும் நேரில் செல்ல வேண்டும். ஒருவர் வர முடியாவிட்டால் நோட்டரி கையொப்பமிட்ட டிஎஸ்-3053 தேவை. அந்தப் பாஸ்போர்ட் 5 ஆண்டு செல்லும். பிறந்த நாளில் பெற்றோர் இருவரும் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதைக் காட்டும் ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), ஐ-797 (குடியேற்றத் துறையின் அறிவிப்பு) நகல்களையும் அதே கோப்பில் வையுங்கள்.

இந்தியத் தரப்பில் ஒரு கெடு உண்டு. வெளிநாட்டில் பிறந்த குழந்தை வம்சாவளியால் இந்தியக் குடிமகன் ஆக, 1955 சட்டத்தின் 4-வது பிரிவுப்படி பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் இந்த வழி அடைபடும், பிறகு இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைதான். ஓராண்டு கடந்தால் பதிவுக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஆகவே ஆணையின் இரண்டாம் வகையில் வரும் குடும்பம், அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடுவதற்கு முன்பே, முதல் பிறந்தநாள் வருவதற்குள் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் இந்த இரண்டு பாதைகளையும் வைத்துப் பேசிவிட வேண்டும்.